மயில்கழுத்து நிறத்தில் ஒரு கண்

"ரிசப்ஷனுக்கு மயில்கழுத்துப் பட்டு எடுத்திருக்கோம் அக்கா, கண்ணும் அதே கலர்ல ஸ்மோக்கியா வேணும்." முகூர்த்த மாதங்களில் இதைக் கேட்காத வாரமில்லை. கல்யாணப் பெண்ணுக்கு நான் போட்டுவிடுவேன். அவள் தங்கைக்கும் நாத்தனாருக்கும் யார் போடுவது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்மோக்கி ஐ என்றாலே கறுப்பைத் தேடுகிறார்கள். கறுப்பு கட்டாயமே இல்லை. இமைமயிர் ஓரத்தில் அடர்த்தியாக இருக்கும் நிறம், புருவத்தை நோக்கி ஏற ஏறக் கரைந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போக வேண்டும். நீலமோ, பச்சையோ, கத்தரிப்பூ நிறமோ, எதிலும் இது வரும்.

கண்ணை முடித்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். அடர்நிற ஐஷேடோ எப்படியும் கன்னத்தில் உதிரும்; ஃபவுண்டேஷன் போட்ட பிறகு உதிர்ந்தால் துடைக்கத் துடைக்கத் திட்டாகும். லென்ஸ் போடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் இமை எண்ணெய் வழியும். கன்சீலரை மெல்லிசாகத் தடவி, மேலே கொஞ்சம் பவுடரை ஒற்றுங்கள். இமை மடிப்பில் மினுமினுப்பில்லாத பழுப்பு. பேலட்டில் இருக்கும் வெளிறிய பழுப்பு மாநிறத்தில் காணாமல் போய்விடும். செங்கல் நிறம் எடுங்கள்.

இனி நீலம். நீல ஐஷேடோவை நேராக இமையில் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மலிவான பவுடரில் நிறமி குறைவு, டால்க் அதிகம். அதனால் முதலில் கருநீலக் காஜல் பென்சிலை இமையின் கீழ்ப்பாதியில் தீட்டி, காய்வதற்குள் விரலால் தேய்த்துவிடுங்கள். வாட்டர்ப்ரூஃப் பென்சில் சட்டென்று இறுகிவிடும், எனவே ஒவ்வொரு கண்ணாக. அதன் மேல் நீலப் பவுடரை ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

பொறுமை வேண்டியது இதற்கப்புறம்தான். நிறம் எதுவும் தொடாத சுத்தமான பிரஷ் ஒன்றை எடுங்கள். காம்பின் நுனியைப் பிடித்தால் கை தானாகவே லேசாகிவிடும். நீலமும் பழுப்பும் சேரும் விளிம்பில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். கோடு மறையவில்லையா? இன்னும் சுற்றுங்கள், அதற்காக மேலும் நீலத்தை அள்ளிப் போடாதீர்கள். நடுநடுவே கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியைப் பாருங்கள். இமை மடிந்து மூடிக்கொள்ளும் கண் என்றால், நிறத்தை மடிப்புக்குச் சற்று மேலேயே கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் போட்டதெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். அதனால்தான் திரும்பும்போது பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கிறது. இமையிலும் அதே தந்திரம்தான். நீலத்தின் மேல், இமையின் நடுவில் மட்டும், லேசாக ஈரமாக்கிய மோதிர விரலால் பச்சை ஷிம்மரை அழுத்துங்கள். ஷிம்மர் என்பது பெரும்பாலும் மெல்லிய மைக்காத் தகடுகள். அழுத்தினால் அவை படுத்து ஒளியைத் திருப்பும். காய்ந்த பிரஷ்ஷில் தேய்த்தால் கன்னமெல்லாம் ஜிகினா. கீழிமையில் வெளி ஓரத்திலிருந்து பாதி தூரம் அதே பென்சில், மஸ்காரா, முடிந்தது. உதட்டுக்கு வெளிர் நிறம் போதும். இந்தக் கண்ணுக்கு மெரூன் லிப்ஸ்டிக் போட்டால் எனக்குப் பிடிக்காது, மாமியார் சொன்னாலும் சரி.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். பெயர் தெரியாத சுர்மாவைக் கண்ணுக்குள் இடாதீர்கள். சிலவற்றில் ஈயம் உண்டு. பளீர் ரோஸ், நியான் நிறங்களை வாங்கும்போது பேலட்டின் பின்புறத்தைப் படியுங்கள். கண்ணருகே வேண்டாம் என்று சிலதில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

தூங்கும் முன் தேங்காயெண்ணெய் நனைத்த பஞ்சை மூடிய இமை மேல் கொஞ்ச நேரம் வைத்து, கீழ்நோக்கி வழித்தெடுங்கள். பிறகு முகம் கழுவுங்கள். மஸ்காரா திறந்து 3 மாதம் ஆகிவிட்டதா, தூக்கிப் போடுங்கள். இரவலும் கொடுக்காதீர்கள், கூடப் பிறந்தவளே கேட்டாலும்.