டிக்கிக் கதவின் சாய்வும் சீரமைப்பும்

1983-இல் மாருதி 800 காரும், அடுத்த ஆண்டில் பின்னாளில் ஆம்னி எனப் பெயர் பெற்ற மாருதி வேனும் விற்பனைக்கு வந்த பிறகு, கூரையோரக் கீல்களில் தொங்கி மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, அதாவது மக்கள் வழக்கில் டிக்கிக் கதவு, தமிழ்நாட்டில் பரவலாயிற்று. தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடக்கும் நகரத்தாருக்குத் துணையாகச் சாமான் ஏற்றிச் செல்லும் இத்தகைய வண்டிகளில் மிகுதியாக உழைப்பது இக்கதவே; பிதுங்கும் மூட்டைகளின்மேல் அதை அறைந்து சாத்துவது வழக்கமாகிவிட்டால், கதவு சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து ஒருபுறம் தாழ்ந்து நிற்கும்.

கதவின் எடையைத் தாங்குவன மேலுள்ள இரு கீல்கள். மூடிய கதவை நிறுத்துவது, பூட்டு கவ்விக்கொள்ளும் ‘ப’ வடிவ இரும்புக் கம்பியான ஸ்ட்ரைக்கர். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றவுடன் எளிதில் கைக்கெட்டும் ஸ்ட்ரைக்கரை நகர்த்துவதே பெரும்பாலோர் செய்வது. ஆனால் கீல் தாழ்ந்த கதவை அது பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்குமேயன்றி நேராக்காது, பூட்டும் வீணே தேயும். ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவை மெதுவாக இறக்கிப் பார்த்தால், அது தானாக எங்கே வந்து அமர்கிறதோ அதுவே கீல்களின் உண்மை நிலை.

இரு பக்க இடைவெளிகளும் அப்போதும் வேறுபட்டால் சரிசெய்ய வேண்டியது கீலையே. கூரையின் உட்புற உறையைப் பின்னோரத்தில் சற்று விலக்கினால் பல வண்டிகளில் கீலின் போல்ட்டுகள் தென்படும். அவற்றின் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை என்பதால் கீலைச் சில மில்லிமீட்டர் நகர்த்த இடமுண்டு. பழைய இடம் மறவாதிருக்கக் கீலைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடிட்டு, ஒருவர் கதவைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் போல்ட்டுகளைக் கழற்றாமல் அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, தாழ்ந்த பக்கத்தை இம்மியளவு உயர்த்தி முடுக்க வேண்டும். கதவைத் தூக்கி நிறுத்தும் உருளைகளான டிக்கி ஷாக்குகளில் உயரழுத்த நைட்ரஜன் அடைக்கப்பட்டிருப்பதால், அவற்றை வெட்டுவதோ சூடாக்குவதோ உயிருக்கே ஆபத்து. ஒன்று வலுவிழந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, இல்லையேல் கதவு முறுக்கிக்கொள்ளும்.

கீல் நேரான பின்னரே ஸ்ட்ரைக்கரை மீண்டும் பொருத்தி, கதவு இருபுறமும் இழுபடாமல் கவ்வும் இடத்தில் இறுக்க வேண்டும். பிறகு ரப்பர் பீடிங்கின்மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், தாள் எங்கே தடையின்றி வழுக்கி வருகிறதோ அங்கே இடைவெளி உண்டு. மழைநீர் மட்டுமன்றி, ஓடும் வண்டியின் புகையிலுள்ள மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடும் அவ்வழியே உள்ளே புகும் என்பதால், இச்சோதனையை ஒருபோதும் விட்டுவிடலாகாது.

நகர்த்திய கீலடியில் பெயிண்ட் உரிந்த இரும்பு தெரிந்தால், துரு தடுக்கும் பூச்சை அன்றே பூச வேண்டும். இவ்வளவு செய்தும் கதவு நேராகாவிட்டால், கதவுச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து, அவை சமமாக இல்லையெனில், விபத்தில் உடற்கூடே வளைந்துள்ளது எனக் கொண்டு வண்டியை டிங்கரிங் பட்டறைக்கு அனுப்புவதே தகும்.