பிரசன்னாவா, வெங்கட்ராகவனா?

டெஸ்ட் பந்தயத் தொடர் ஒன்று ஆரம்பமாகிவிட்டால் நமது தேவராஜ மொஹல்லாவில் தேர்வுக் குழு அங்கத்தினர்களுக்குப் பஞ்சமே இராது. சிக்க கடியாரத்தின் அருகிலும், மார்க்கெட் வாசலிலும், சயாஜி ராவ் சாலைக் காப்பிக் கடைகளிலும் குழு கூடும். இன்னார் புதுப் பந்து வீச வேண்டும், இன்னாரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தீர்ப்புகள் பிறக்கும். சம்பளமும் பயணப்படியும் இல்லாத இந்த அங்கத்தினர்களின் ஊக்கத்தைக் கண்டு நாம் வியந்ததுண்டு. ஆயினும் இவ்விவாதங்களில் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தகாத ஒரு பகுதியும் இருக்கிறது. அதைப் பற்றியே சங்க அன்பர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

பந்தடிப்பவர்களைப் பற்றிப் பேசும் வரையில் யாருக்கும் மொழி நினைவு வருவதில்லை. சுழற்பந்து வீசுவது யார் என்ற கேள்வி எழுந்ததும் பேச்சின் சுருதி மாறிவிடுகிறது. 'உங்கள் ஆள்', 'எங்கள் ஆள்' என்ற சொற்கள் புறப்படுகின்றன. ஒரே தெருவில் ஆண்டுக்கணக்காகக் கொள்வதும் கொடுப்பதுமாக வாழும் அண்டை வீட்டார், ஒரு பந்து வீச்சாளரின் பொருட்டு இரண்டு நாள் முகம் பாராமல் இருப்பதும் நடக்கிறது. இதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது நம் தந்தையர் காலத்தில், பிரசன்னா, வெங்கட்ராகவன் என்ற இரு பெரும் வீரர்களிடம் சென்று நிற்கும்.

உண்மையில் சென்னை – மைசூர்ப் போட்டி அவர்களுக்கும் முந்தியது. ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயமே இவ்விரு கட்சிகளுக்கும் இடையேதான் 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூர் 48 ரன்னும் 59 ரன்னும் எடுத்தது. சென்னை 130 ரன் எடுத்து, ஓர் இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் அன்று மாலையே வெற்றி கண்டது. 11 விக்கெட்டுகளை வீழ்த்திச் சென்னையின் மானத்தைக் காத்தவர் ஏ. ஜி. ராம்சிங். அவர் சென்னையில் வாழ்ந்த சீக்கியக் குடும்பத்தவர் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

பிரசன்னா 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்தை எதிர்த்து முதல் டெஸ்ட் ஆடினார். அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியவர், ஆட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நமது மைசூரிலுள்ள தேசியப் பொறியியல் கல்லூரியில் படிப்பை முடித்தார். மீண்டும் டெஸ்ட் களத்தில் அவர் இறங்கியது 1967-இல்தான். வெங்கட்ராகவன் 1945-இல் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவர். 1965-இல் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்தில் புகுந்து, டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட் வீழ்த்தினார். இருவரும் பொறியாளர்கள், இருவரும் ஆஃப் ஸ்பின் வீசுபவர்கள். ஒரே நாற்காலிக்கு இருவர் தகுதி பெற்று வந்து நின்றால் சச்சரவு எழாமல் என்ன செய்யும்?

வீசும் முறை மட்டும் வேறு. பிரசன்னா பந்தை உயரத் தூக்கி வீசுவார். கைக்கெட்டும் தூரத்தில் விழும் என்று எண்ணி முன்னே வந்தவர், அது சற்று முன்னதாகவே விழுந்து திரும்புவதைக் கண்டு திகைப்பார். வெங்கட்ராகவன் பந்தைத் தாழ்வாகவும் சற்று வேகமாகவும் ஒரே அளவில் விழும்படி வீசுவார். ரன் கொடுக்க மனம் வராது. ஆதலால் தலைவரின் சுபாவத்துக்கு ஏற்பத் தேர்வும் மாறிற்று. விக்கெட்டை விலைக்கு வாங்கத் துணிந்த பட்டோடி பிரசன்னாவை விரும்பினார். சிக்கனத்தை மதித்த வடேகர் வெங்கட்ராகவன் பக்கம் சாய்ந்தார்.

இவர்களோடு மைசூரில் பிறந்த சந்திரசேகரும் பஞ்சாபின் பேடியும் சேர்ந்து நால்வராயினர். நால்வரும் ஆடிய டெஸ்டுகள் 231. வீழ்த்திய விக்கெட்டுகள் 853. ஆனால் நால்வரும் ஒருங்கே ஆடியது ஒரே ஒரு டெஸ்டில்தான். 1967 ஜூலையில் பர்மிங்காமில் நடந்த அப்பந்தயத்தில் இங்கிலாந்து 132 ரன் வித்தியாசத்தில் வென்றது. சிறந்தவர் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்பாருக்கு இதுவே விடை.

இனி நம்மவர் கூறும் குறைகளைப் பார்ப்போம். 1969 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டுக்கு வெங்கட்ராகவன் முதலில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பொதுமக்கள் கூச்சல் பெரிதாக எழுந்தது. வங்காளத்தைச் சேர்ந்த சுப்ரதோ குஹா விலகி அவருக்கு இடம் விட்டார். அதே பந்தயத்தில் வெங்கட்ராகவன் அவுட் என்று தீர்ப்பான போது, அது தவறென்று கருதிய கூட்டத்தினர் கலவரம் விளைத்தனர். ரசிகர் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதும், அது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதும் ஒரே வாரத்தில் விளங்கின. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டில், காயமுற்ற பட்டோடிக்குப் பதிலாக வெங்கட்ராகவன் தலைமை வகித்தார். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினொருவரிலேயே அவருக்கு இடமில்லை. தலைவராக இருந்தவர் மறு பந்தயத்தில் வெளியே உட்கார நேர்ந்தது தமிழர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது இயற்கையே.

கன்னட அன்பர்களின் குறையும் இதற்குச் சிறிதும் குறைந்ததன்று. பிரசன்னா 1967–68-இல் ஆஸ்திரேலியாவில் 25 விக்கெட்டும், அடுத்து நியூசிலாந்தில் 24 விக்கெட்டும் எடுத்து, வெளிநாட்டில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றிக்குக் காரணமானவர். அப்படிப்பட்டவர் 1971-இல் இங்கிலாந்து சென்று மூன்று டெஸ்டிலும் ஆடாமலே திரும்பினார். ஆடிய வெங்கட்ராகவன் 13 விக்கெட் எடுத்தார். தொடரும் நமக்கே கிட்டியது. ஆகவே தேர்வு தவறென்று சொல்வதும் கடினம், சரியென்று சொல்லி ஒரு கன்னடிகரின் மனத்தை ஆற்றுவதும் கடினம்.

கணக்கு என்ன சொல்கிறது? பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குச் சுமார் 30 ரன். வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156. ஒரு விக்கெட்டுக்குச் சுமார் 36 ரன். 'வெங்கட் பந்தடிப்பதிலும் வல்லவர்' என்று நம் வீடுகளில் சொல்லும் வழக்கம் உண்டு. இருவர் சராசரியும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது. ஆனால் காட்ச் பிடிப்பதில் வெங்கட்ராகவன் கை ஓங்கியிருந்தது. 44 காட்சுகள் அவர் கணக்கில் உண்டு. வீச்சில் பிரசன்னா ஒரு படி மேல், காப்பில் வெங்கட்ராகவன் ஒரு படி மேல் என்று தமிழரும் கன்னடிகரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திடலாம் அன்றோ?

பழங்கதை போதும் என்பாருக்கு இக்காலக் கதையும் இருக்கிறது. 2021-இல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டுகளிலும் அஷ்வின் களமிறக்கப்படவில்லை. அந்நாட்களில் நமது தமிழ் இல்லங்களில் எழுந்த கொதிப்பு சிறிதன்று. ஆயினும் அவரின்றியே லார்ட்ஸில் 151 ரன்னிலும், ஓவலில் 157 ரன்னிலும் இந்தியா வென்றது. 2023 ஜூனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலக டெஸ்ட் இறுதிப் பந்தயத்தில் மேக மூட்டத்தையும் பசுந்தரையையும் கண்டு மீண்டும் அவரை வெளியே வைத்தனர். ஆஸ்திரேலியா 469 ரன் குவித்தது. நாம் 209 ரன்னில் தோற்றோம். கடைசி இன்னிங்ஸில் நமது நான்கு விக்கெட்டுகளை 41 ரன்னுக்கு வீழ்த்தியவர் லயன் என்னும் ஆஃப் ஸ்பின்னர்! முன்னதில் தேர்வாளரை ஏசியவரும் பின்னதில் ஏசியவரும் ஒருவரே. முன்னதில் வெற்றி கிடைத்தபோது அவர் ஏச்சைத் திரும்பப் பெற்றாரா என்பதே நமது கேள்வி.

தமிழர்களுக்கு மட்டுமே இக்கதி என்று எண்ணுவதும் பொருந்தாது. நமது மைசூரில் பிறந்து, மைசூரில் பயின்ற ஜவகல் ஸ்ரீநாத் 1991-இல் ஆஸ்திரேலியாவில் முதல் டெஸ்ட் ஆடினார். சொந்த நாட்டு மண்ணில் டெஸ்ட் ஆடும் வாய்ப்பு 1994 இறுதியில்தான் அவருக்குக் கிட்டிற்று. திரும்பும் தரையில் வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் சுருங்கியிருந்த காலம் அது. கபில் தேவ் உலக சாதனையை நெருங்கிக்கொண்டிருந்ததும் அக்காலமே. இளமையின் நல்ல ஆண்டுகளை இந்நகரத்துப் பிள்ளை பெஞ்சில் கழித்தார். அப்போது கன்னட அன்பர்கள் பட்ட வேதனை, 2021-இல் நாம் பட்டதற்கு எவ்வகையில் வேறு?

ஆகையால் தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பேசுவதற்கு ஒரு முறை வேண்டும் என்கிறோம். முதலாவது, டாஸ் போடுமுன் தெரிந்திருந்ததைக் கொண்டே தேர்வை மதிக்க வேண்டும். ஐந்தாம் நாள் மாலை எவரும் ஞானி ஆகலாம். இரண்டாவது, ஒருவரைச் சேர்க்கச் சொல்பவர் யாரை நீக்குவது என்பதையும் கூறிவிட வேண்டும். குழுவில் இடம் பதினொன்றுதான். பன்னிரண்டாமவரைச் சேர்க்கும் வாதம் வாதமே அன்று. மூன்றாவதே முக்கியம்: ஆட்டக்காரர் பெயரை மறைத்துவிட்டு, ஆடுகளம், எதிரியின் பலம், வீச்சின் தன்மை மூன்றையும் சொல்லிப் பார்க்க வேண்டும். பெயரைச் சொன்னதும் நம் முடிவு மாறுமானால் அங்கே பேசுவது கிரிக்கெட் அறிவன்று. தேவராஜா மார்க்கெட்டில் நேர்மையான வியாபாரி வாங்குபவரின் பேச்சைக் கேட்டுவிட்டுப் படிக்கல்லை மாற்றுவதில்லை. கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் கிலோ ஒரே கிலோதான். அந்தப் படிக்கல்லை நாமும் கைக்கொண்டால் போதும்.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடலாகாது. பெரியவர்கள் பேசுவதைக் குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே பிறந்து, கன்னடத்தில் பாடம் படித்து, மாலையில் கன்னடத் தோழர்களோடு பந்தாடும் சிறுவன் வீட்டுக்கு வந்து, 'அப்பா, நம்ம ஆள் யாரு? ஸ்ரீநாத்தா, அஷ்வினா?' என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்? ஒருவரைச் சொல்லி மற்றவரை விட்டால், அவன் தன் தோழர்களையோ தாய்மொழியையோ ஒன்றை விட வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். இருவரும் நம்மவரே என்பதுதான் சரியான விடை. அது சமாதானத்துக்காகச் சொல்லும் பொய்யும் அன்று. ராம்சிங் சென்னைக்காரராக ஆடியபோது அவர் தலைப்பாகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் புதல்வர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் சென்னைக்காக ஆடி இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார்கள். சென்னை அவர்களைத் தன் மக்களாகக் கொண்டது. மைசூர் நம் பிள்ளைகளை அவ்வாறு கொள்ள வேண்டுமானால், மைசூரின் பிள்ளைகளை நாமும் கொள்ள வேண்டாமா?

டெஸ்டில் இந்தியாவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் 619 விக்கெட் கண்ட பெங்களூர்க் கும்ளே. அடுத்து நிற்பவர் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற சென்னை அஷ்வின். அவர் கணக்கு 537. பிரசன்னா 20 டெஸ்டில் நூறு விக்கெட் எடுத்து நிலைநாட்டிய இந்தியச் சாதனையை 2013-இல் 18 டெஸ்டில் எடுத்து முறியடித்தவரும் அவரே. 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்ட அன்று, மைசூர்ச் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அன்று இங்கிலாந்தின் அதிக ரன்னான 33-ஐ எடுத்து நின்ற லக்ஹர்ஸ்ட் அவர் பந்தில்தான் விழுந்தார். அந்தக் காட்சைப் பிடித்த கை சென்னை வெங்கட்ராகவனுடையது. அவ்விக்கெட் எந்த மாநிலத்தின் கணக்கில் சேரும்?

பிற்காலத்தில் வெங்கட்ராகவன் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். ஸ்ரீநாத் 2006-இல் சர்வதேசப் பந்தயங்களின் மாட்ச் ரெஃபரி ஆனார். யாருக்காக நாம் இங்கே கட்சி பிரிந்து வாதிட்டோமோ, அவர்களையே எல்லா நாட்டாரும் கட்சி சாராதவர் என்று நம்பி நடுவில் நிறுத்தினார்கள். அடுத்த தொடருக்குக் குழு அறிவிக்கப்படும் நாளில் அண்டை வீட்டு அன்பரோடு வாதிடத் தொடங்குமுன், இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுமாறு சங்க அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.