சூடு தாங்கும் ஏற்பி

ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரைகள் இதயச் செல்களின் சவ்விலுள்ள பீட்டா-1 அட்ரினலின் ஏற்பியில் ஒட்டிக்கொள்கின்றன. அட்ரினலினுக்கு அங்கே இடமில்லாமல் போவதால் இதயத் துடிப்பு தணிகிறது. பீட்டா பிளாக்கர் எனப்படும் இவ்வகை மருந்துகள் 1960-களிலேயே வந்துவிட்டன. பீட்டா-1 ஏற்பியின் அணு அளவிலான வடிவம் தெரிந்ததோ 2008-இல்தான்.

ஏற்பி என்னும் இந்தப் புரதம் கொழுப்பாலான சவ்வை ஏழு முறை ஊடுருவிப் பொதிந்திருக்கிறது. கொழுப்பைத் தொட்டபடி இருக்கும் பகுதி தண்ணீரில் கரையாது. அதனால் வெளியே எடுக்க டிடர்ஜென்ட் தேவை. அதே டிடர்ஜென்ட் புரதத்தின் மடிப்பையும் குலைத்துவிடுகிறது. வடிவத்தைக் காணத் தேவைப்பட்ட படிகம் உருவாகும்வரை புரதம் தாக்குப்பிடிப்பதில்லை.

கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கிறிஸ் டேட், ரிச்சர்ட் ஹெண்டர்சன், கெப்ஹார்ட் ஷெர்ட்லர் ஆகியோர் வான்கோழியின் பீட்டா-1 ஏற்பியை எடுத்துக்கொண்டார்கள். அதன் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி 300-க்கும் மேற்பட்ட வகைகளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வகையையும் சூடாக்கிக் குளிர்வித்து, கதிரியக்க அடையாளமிட்ட மருந்து அதில் இன்னும் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். ஒட்டினால் மடிப்பு கலையவில்லை என்று பொருள். இப்படிச் சலித்தெடுத்ததில் 18 மாற்றங்கள் பலன் தந்தன. கடைசியில் 6 மாற்றங்கள் சேர்ந்த வகை, இயல்பான ஏற்பியைவிட 21 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம் தாங்கியது. அதைத்தான் படிகமாக்கினார்கள். பொறுமையின் சாதனை என்றே இதைச் சொல்வேன்.

ஆனால் உறுதிக்கு ஒரு விலை இருந்தது. மாற்றப்பட்ட ஏற்பி பெரும்பாலும் 'அணைந்த' நிலையிலேயே நின்றது. தடுக்கும் மருந்துகள் அதில் நன்றாக ஒட்டின, தூண்டும் மருந்துகள் சரியாக ஒட்டவில்லை. பீட்டா பிளாக்கர் தேடுபவருக்கு அது உதவும். ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் போலத் தூண்டும் மருந்தைத் தேடுபவரை அத்தகைய ஏற்பி திசைதிருப்பிவிடும். உறுதிப்படுத்துவதோடு, எந்த நிலையில் உறுதிப்பட்டிருக்கிறது என்று அளப்பதும் அதே அளவு முக்கியம் என்பது இதனால்தான்.

'இயங்கும்' நிலையைப் பிடிக்க ஸ்டான்ஃபோர்டின் பிரையன் கோபில்கா வேறு வழியில் போனார். இதன் உறவான பீட்டா-2 ஏற்பி, செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி புரதத்தோடு இணைந்திருக்கும் வடிவத்தை, லாமா விலங்கிலிருந்து கிடைத்த சிறிய எதிர்ப்புரதத்தின் துணையோடு 2011-இல் அவர் குழு வெளியிட்டது. மறு ஆண்டு ராபர்ட் லெஃப்கோவிட்ஸுடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று டிடர்ஜென்ட்டுக்குப் பதில் நானோடிஸ்க் எனும் கொழுப்புத் தட்டுகளும், படிகமே தேவைப்படாத கிரையோ மின்னணு நுண்ணோக்கியும் வந்துவிட்டன.

ஆனாலும் உறுதிப்படுத்திய ஏற்பியில் ஒரு புதிய மூலக்கூறு அழகாக ஒட்டியது என்று ஓர் ஆய்வு சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி மாறவில்லை: மாற்றம் செய்யாத ஏற்பியிலும், உயிருள்ள செல்லிலும் அது அதே வலுவோடு ஒட்டுகிறதா?