கரைந்தால்தான் மருந்து

மலேரியாவுக்கு மருந்து கண்டால் மட்டும் போதாது. விழுங்கிய மருந்து கரைந்து இரத்தத்தில் சேர வேண்டும். மழை பெய்தும் நீர் மண்ணில் இறங்காது ஓடையில் ஓடிவிட்டால் பயிர் என்னாகும் என்பதை விளாத்திகுளத்துக் கரிசல் உழவர் நன்கறிவர்.

பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையார் பெரு நாட்டுச் சின்கோனா மரப்பட்டையை உரோமைக்குக் கொணர்ந்தனர். கர்தினால் தெ லூகோ அதனை ஏழைகளுக்கு வழங்கினார். பட்டைத்தூளைத் திராட்சை இரசத்தில் ஊறவைத்தே கொடுத்தனர். காரணம் அறிந்தோ அறியாமலோ செய்த நற்செயல் அது! பட்டையிலுள்ள கொயினா வெறும் நீரில் எளிதில் கரையாது. சாராயச் சத்தில் கரையும்.

சீனாவில் து யூயூ அம்மையாரின் குழுவினர் 1972-இல் செடியொன்றிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினினுக்கும் இதே குறை; நீரிலும் கரையாது, எண்ணெயிலும் சரிவரக் கரையாது. அதனைப்போலச் செயற்படும் மருந்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்க முனைந்த அறிஞர்கள், நீரோடு இணங்கும் பகுதியொன்றை மூலக்கூறில் சேர்த்து, உண்டால் உடலில் நன்கு ஏறும் ஆர்ட்டிரோலேனை வடித்தனர். நம் நாட்டு ரான்பாக்ஸி நிறுவனம் அதனைப் பிப்பெராகுயினுடன் கூட்டி, 2012 ஏப்ரல் 25 அன்று 'சின்ரியம்' என வெளியிட்டது. நாளுக்கு ஒரு மாத்திரை, மூன்று நாள். கொழுப்புணவோடு உண்ணவேண்டும் என்ற கட்டாயமில்லை.

லூமிஃபான்ட்ரின் கலந்த மாத்திரை அப்படியன்று. கொழுப்போடு சேர்ந்தால்தான் அது நன்கு உடலில் ஏறும். ஆகவே, தாய்மார்களே, "பாலோடு கொடுங்கள்" என்று மருத்துவர் சொன்னால், அதை வெறும் உபசாரமாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.