பாடும் வில்: அன்றும் இன்றும்

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் தொடங்கி ராயபுரம் வரை வடசென்னையில் காத்தாடி என்றாலே கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல்தான். எதிராளியின் நூலை அறுப்பதுதான் ஆட்டம். அந்த நூல் வண்டியில் போனவர்களின் கழுத்தையும் அறுத்ததால் காவல்துறை தடை போட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், பட்டம் கூவுவதற்காக ஏறுகிறது.

அன்று, பட்டத்தின் தலைப்பக்கம் ஒரு வில்லைக் கட்டுவார்கள். அதுதான் விண். வளைத்த சிலாகையின் இரு முனைகளையும் இணைத்து, நாடா போலச் சீவிய பனைநாரை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வாடைக்காற்று பட்டதும் நார் அதிர்ந்து ரீங்கரிக்கும். எவ்வளவு மெல்லிசாகச் சீவுகிறோம், எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் குரலே இருக்கிறது. இரவில் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால், காதாலேயே காற்றை அறியலாம். குரல் ஓங்கினால் காற்று ஏறுகிறது, ஓய்ந்தால் பட்டம் இறங்குகிறது.

மஞ்சூரிய வில்லாளிகளும் காற்றைப் பேசவைத்தார்கள். கொம்பிலோ மரத்திலோ குடைந்து துளையிட்ட குமிழை அம்பின் தலையில் பொருத்தினார்கள். பறக்கும்போது அது சீழ்க்கையடிக்கும். வேட்டையில் விலங்கைத் திகைக்கவைக்கவும், தொலைவில் இருப்பவருக்குச் சமிக்ஞை தரவும் அது உதவியது. 1901-இல், மஞ்சூரியர் ஆண்ட சீனாவில், வில்வித்தையைச் சோதித்த படைத்தேர்வுகள் ஒழிந்தபின் வில்லுக்கு அரசுப் பணியில் இடமில்லாமல் போனது. சீழ்க்கை அம்பை இன்று அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர் சிலர் கையிலும்தான் பார்க்கலாம்.

விண் அப்படி முடங்கவில்லை. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்து ஊரடங்கு இரவுகளையும் தாண்டி வந்துவிட்டது. இன்று தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அசையும் உருவங்களும் மின்விளக்குகளும் பட்டத்தில் ஏறிவிட்டன. பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடா பனைநாரின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அது மழைக்கும் பனிக்கும் அசராது. ஆனால் நாரைச் சீவிச் சீவிக் குரல் பார்க்கும் கைப்பழக்கம் அதனால் வராது. பழைய கைகள் இருக்கும்போதே இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வடசென்னைக்கும் இதில் பாடம் உண்டு. மாஞ்சாவைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பிள்ளைகளின் கைக்கு வேறொரு பெருமையையும் கொடுக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் பனை இருக்கிறது, முகத்துவாரத்தில் கடற்காற்று இருக்கிறது. யார் காத்தாடி நன்றாகப் பாடுகிறது என்று இங்கும் ஒரு போட்டி வைக்கலாம். அதில் எவர் கழுத்துக்கும் ஆபத்தில்லை.