கோதுமை சேராத மாவு: கடைக்காரர் அறிய வேண்டியவை



"கோதுமை, மைதா எதுவும் கலக்காத மாவு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் இப்போது நம் பலசரக்குக் கடைகளில் தென்படுகிறார்கள். இவர்களில் இரு வகையினர் உண்டு. உடம்பு இளைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்குபவர் ஒரு வகை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, கோதுமை ஒரு சிட்டிகையும் சேரக் கூடாது என்ற கட்டாயத்தில் வருபவர் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு நாம் கொடுக்கும் சரக்கில் சிறிது கலப்பு இருந்தாலும் பாதகமில்லை. இரண்டாம் வகையினருக்கு அதுவே நோய். இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதால், பதில் சொல்லும் நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

குளூட்டன் என்பது என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, தண்ணீரில் வைத்துக் கசக்கிக் கழுவினால் வெள்ளை மாவுச்சத்து கரைந்து போய்விடும். கடைசியில் ரப்பர் போல இழுபடும் ஒரு பசை கையில் மிஞ்சும். அந்தப் புரதப் பசைதான் குளூட்டன். நம் மதுரையில் பரோட்டா மாஸ்டர் மைதா உருண்டையைக் கல்லில் வீசித் துணி போல விரிக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இதுவே. கோதுமை, மைதா, ரவை, சம்பா கோதுமை, சேமியா எல்லாவற்றிலும் இது உண்டு. பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதே இனத்துப் புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு வகைகள், மரவள்ளி ஆகியவற்றில் இது இல்லை.

சிலருடைய உடல் இந்தப் பசையைப் பகையாக எண்ணி, சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்கிவிடும். அங்குள்ள நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து போவதால் சாப்பிட்டது உடம்பில் சேராது. ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று பல வடிவில் இது வெளிப்படும். சீலியாக் நோய் என்பது இதன் பெயர். இதற்கு இன்று உள்ள வைத்தியம் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவது ஒன்றுதான்.

இதற்குக் கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காத பஞ்சம் வந்தபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. முன்பே கோதுமை மீது ஐயம் கொண்டிருந்த அவர், 1950இல் தம் ஆய்வேட்டில் இதை விளக்கினார்.

நம் பக்கத்தில் இது உண்டா?

அரிசி தின்னும் ஊரில் இந்த நோய் ஏது என்று கேட்கலாம். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் பெரியவர்களைப் பரிசோதித்ததில், வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில் இருந்தது.

ஆயிரத்தில் ஒருவர் என்பது கேட்கச் சிறிய எண்தான். 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல். அதே விகிதத்தை இங்கு வைத்துப் பார்த்தால் ஆயிரம் பேர் வரை வருகிறது. இரவுக்குப் பரோட்டா, சர்க்கரை வியாதிக்குச் சப்பாத்தி என்று நம் பக்கத்திலும் கோதுமை கூடிவிட்டது. தொழிலுக்காக இங்கு குடியேறிய வடநாட்டுக் குடும்பங்களும் பல. ஆகவே இந்த வாடிக்கையாளர் நம் கடைக்கு வராமல் இருக்கப் போவதில்லை.

நம் கடையிலேயே இருக்கும் சரக்கு

இதற்காக விலை உயர்ந்த டப்பாக்களை வரவழைத்து அடுக்க வேண்டியதில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, களி, கூழ், கொழுக்கட்டை என நம் வீட்டுப் பலகாரங்களில் பெரும்பாலானவை கோதுமை சேராதவையே. பேரையூர், தே.கல்லுப்பட்டி கரிசல் பக்கம் விளையும் குதிரைவாலி, சோளம், கம்பு ஆகியவை நமக்கு அண்டையிலேயே கிடைக்கும் சரக்கு. மதுரை வேளாண்மைக் கல்லூரி குதிரைவாலியில் எம்.டி.யூ. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

இல்லத்தரசிகள் நம்மிடம் கேட்பது, "இந்த மாவில் சப்பாத்தி வருமா, கேக் வருமா?" என்பதே. பதில் தெரிந்து சொன்னால் சரக்கும் போகும், நம்பிக்கையும் வளரும்.

சப்பாத்தி, ரொட்டி: கேழ்வரகு, சோளம், கம்பு மாவுகளில் பசை இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டு போகும். கொழுக்கட்டைக்குச் செய்வது போலக் கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். வெந்நீரில் மாவுச்சத்து பாதி வெந்து பசை கொடுக்கும். ஒரு கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமி சேர்த்தால் இன்னும் வளைந்து கொடுக்கும். வாழை இலையில் வைத்துக் கையால் தட்டுவது நல்லது.

கேக்: பச்சரிசி மாவு இரண்டு பங்கு, மரவள்ளி ஸ்டார்ச் அல்லது சோளமாவு ஒரு பங்கு என்று கலந்து கொள்ளலாம். முட்டை சேர்ப்பவர்களுக்கு முட்டையே பிணைப்புக் கொடுக்கும். சேர்க்காதவர்கள் மசித்த வாழைப்பழமோ, அரை டீஸ்பூன் சாந்தன் கம் பொடியோ சேர்க்கலாம். கரைத்த மாவை அரை மணி நேரம் ஊற விட்டு அடுப்பில் வைத்தால் அரிசி மாவின் நறநறப்பு குறையும். மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். சேலம் வட்டாரமே அதன் தாய்வீடு. 1981 முதல் அங்கே சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் இயங்கி வருகிறது.

பஜ்ஜி, பக்கோடா: கடலை மாவும் அரிசி மாவும் போதும். கடைகளில் விற்கும் தயார் மிக்ஸுகளில் மைதா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பரோட்டா: இதற்கு மாற்று இல்லை என்று சொல்லிவிடுவதே நல்லது. வீசும் பரோட்டாவுக்கு வேண்டியது அந்தப் பசைதான். அது இல்லாத மாவில் அது வராது. கோதுமைப் பரோட்டா மைதா சேராதது என்றாலும், குளூட்டன் உள்ளதே.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குளூட்டன் இல்லாத மாவு என்றால் சர்க்கரை வியாதிக்கு ஏற்றது என்று பொருளல்ல. அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றக் கூடியவை. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சரக்கைக் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோதுமை

ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கருவேலம் பிசினோ சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். சட்டமும் அதை அனுமதிக்கிறது. சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகையில் மைதா இருப்பது வாங்குபவருக்குத் தெரியாது. லேபிளைப் பார்த்து, மைதா சேராத வகையை எடுத்துக் கொடுக்க வேண்டும். ராகி சேமியா என்ற பெயரில் வருவதில் கோதுமை கலந்த வகைகள் உண்டு. சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்வது வழக்கம். மால்ட் பானங்கள், சோயா சாஸ், விலை மலிவான சில அப்பள வகைகள் ஆகியவற்றையும் பார்த்தே கொடுக்க வேண்டும். ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் என்றாலும், கோதுமையோடு விளைந்து, கோதுமையோடு அரைபட்டு வருவதால் அதை நம்பக் கூடாது.

2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் போன்ற தானியங்கள் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் ஒவ்வாமை அறிவிப்பாக அதைக் குறிப்பிட வேண்டும். நாம் அந்த வரியைப் படித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு கிராம் கணக்கு

குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்க வேண்டுமானால், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உலக அளவிலும் இதே வரம்புதான். நமக்குப் பழக்கமான கணக்கில் இதைப் பார்ப்போம். ஒரு கிராம் மைதாவில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அது கலந்தால் 4 கிலோ அரிசி மாவு வரம்பைத் தொட்டுவிடும். 25 கிலோ சிப்பம் ஒன்றைக் கெடுக்க 6 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் மைதா போதும்.

இப்போது நம் பழக்கத்தைப் பார்ப்போம். மைதா அள்ளிய கரண்டியாலேயே கேழ்வரகு மாவை அள்ளுகிறோம். கோதுமை வந்த சாக்கை உதறிவிட்டு அதிலேயே கம்பைக் கட்டுகிறோம். மில்லில் கோதுமை அரைத்த கல்லிலேயே அடுத்து அரிசி விழுகிறது. கல்லின் இடுக்கில் தங்கும் மாவு 6 கிராமுக்கு எத்தனையோ மடங்கு. மனமறிந்து யாரும் கலப்படம் செய்யவில்லை. ஆனால் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

செய்யக் கூடியவை

இந்தச் சரக்குகளுக்குத் தனி டின், தனிக் கரண்டி, தனிச் சல்லடை வையுங்கள். தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு, புதுக் கவரில் நேரடியாக நிறுங்கள். இவற்றை மேல்தட்டிலும் மைதா, ஆட்டாவைக் கீழ்த்தட்டிலும் அடுக்குங்கள். மாவு மேலிருந்து கீழேதான் கொட்டும். பழைய சாக்கு கூடாது. முடிந்தால் கோதுமை அரைக்காத மில்லைப் பிடியுங்கள். அதற்கு வழியில்லாதபோது, டாக்டர் சீட்டோடு வருபவரிடம் மாவாகக் கொடுக்காமல் முழுத் தானியமாகக் கொடுத்து, பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளச் சொல்லலாம். கம்பு மாவில் கொழுப்பு உள்ளதால் சீக்கிரம் காறல் வாடை தட்டும். ஆகவே சிறுகச் சிறுக அரைத்து, தேதி எழுதி விற்பதே லாபம்.

பரிசோதனைக்கூடச் சான்று இல்லாமல் நம் பாக்கெட்டில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சடிக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், 53ஆம் பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய தானிய மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். பாக்கெட் போடத் தொடங்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

கேட்டு வருபவரிடம், "இது கேழ்வரகு மட்டும்தான், ஆனால் கோதுமையும் அரைக்கிற மில்லில் அரைத்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அன்று ஒரு கிலோ மாவு விற்காமல் போகலாம். அந்த வீட்டின் மாதச் சாமான் சீட்டு அடுத்த முதல் தேதிக்கு உங்கள் கடைக்குத்தான் வரும்.