ஜப்பானியர் இல்லத்து விருந்து

பிற நாட்டைக் காணச் செல்வோர் அந்நாட்டின் கோட்டைகளையும் கோயில்களையும் சுற்றிப் பார்ப்பர். அந்நாட்டார் தம் இல்லத்தில் சமைத்த உணவை அவரோடு ஒருங்கிருந்து உண்ணும் வாய்ப்போ எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஜப்பானிய நகரங்களில் வீடுகள் சிறியன. விருந்தினரை உணவுவிடுதிக்கு அழைத்துச் சென்று உபசரிப்பதே அங்குப் பெருவழக்கு. ஆதலின், கல்வியின் பொருட்டு அங்குச் சென்று ஒரு குடும்பத்தாருடன் தங்கும் மாணவர், பிறர் எளிதிற் காணாத ஒன்றைக் காண்கின்றனர் எனலாம்.

வீட்டின் தரை வாயிற்புறத்தினும் சற்று உயர்ந்திருக்கும். கீழே காலணிகளைக் கழற்றி, அவற்றின் முனை வெளிப்புறம் நோக்குமாறு வைத்துவிட்டே உட்புகுதல் வேண்டும். பழைய முறையில் அமைந்த அறையாயின், தடித்த கோரைப்பாய்கள் பரப்பிய தரையில் தாழ்ந்த மேசையைச் சுற்றி அமர்வர். வாயிலுக்குத் தொலைவிலுள்ள இடம் விருந்தினர்க்கு உரியது. இக்காலத்து இல்லங்கள் பலவற்றில் நாற்காலிகளே உள்ளன.

ஒவ்வொருவர் முன்னும் இடப்புறம் சோற்றுக் கிண்ணமும் வலப்புறம் சாற்றுக் கிண்ணமும் இருக்கும். அவற்றுக்கு அப்பால் சுட்ட மீன், வெந்த காய்கறி முதலியன சிறு சிறு தட்டுகளில் விளங்கும். ‘ஒரு சாறு, மூன்று கறி’ என்பது பழைய கணக்கு. சோறும் ஊறுகாயும் இக்கணக்கிற் சேரா. அவை இல்லாமல் உணவே இல்லையன்றோ! அந்நாட்டு அரிசி குட்டையானது; வெந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குச்சிகளால் எடுத்துண்பதற்கு அவ்வொட்டுந் தன்மையே துணை செய்கிறது.

உண்ணத் தொடங்குமுன் அனைவரும் கைகூப்பி, ‘இத்தடாகிமஸ்’ என்பர். ‘பணிந்து பெற்றுக்கொள்கிறேன்’ என்பது இதன் பொருள். பெற்ற பொருளைத் தலைக்குமேல் உயர்த்தி ஏற்கும் செயலினின்று பிறந்த சொல் இது. ‘தலைமேற் கொள்ளுதல்’ என்னும் தமிழ் வழக்கை இதனோடு ஒப்பிட்டு உணர்க.

குச்சிகளைக் கையாளும்போதுதான் அயலார் பெரிதும் தவறுவர். உணவு நழுவி விழுவது பெரிய குற்றமன்று. அதனைக் கண்டு சிறுவர் நகைப்பர், அவ்வளவே. ஆனால், குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக ஊன்றி வைத்தல் ஆகாது; இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நிறுத்துவர். ஒருவர் குச்சியால் நீட்டும் உணவை மற்றவர் தம் குச்சியால் வாங்குதலும் ஆகாது. உடலை எரித்தபின், உறவினர் எலும்புகளைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றித் தாழியில் இடுவது அந்நாட்டு வழக்கம். அறியாது பிழை செய்த விருந்தினரை வீட்டார் கடிந்துகொள்ளார். ஆயினும், அண்மையில் ஒருவரை இழந்த குடும்பமாயின், கலகலப்பாயிருந்த மேசை ஒரு கணத்தில் ஒடுங்கிவிடும்.

புலால் உண்ணாதார்க்கு நேரும் இடர் வேறு. சோயா மொச்சையை நொதிக்கச் செய்து ஆக்கிய ‘மிசோ’ விழுதைக் கரைத்த சாறு, பார்வைக்கு மரக்கறி உணவாகவே தோன்றும். ஆனால், அச்சாற்றுக்கு அடிப்படை ‘தாஷி’ என்னும் தெளிநீர். கடற்பாசியையும், உலர்த்திச் சீவிய சூரை மீனையும் நீரிலிட்டு அதனை வடிப்பர். தென்பாண்டிக் கடற்கரையிலும் இலங்கையிலும் ‘மாசி’ என வழங்கும் கருவாடும் சூரை மீனினின்று ஆவதே. அக்கடற்பாசியின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908ஆம் ஆண்டில் கிகுனே இக்கேடா என்னும் வேதியியல் அறிஞர் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார்.

கண்ணுக்குப் புலப்படாத மீனை வீட்டார் பலர் மீனாகக் கருதுவதில்லை. உணவு பரிமாறிய பின்னர்க் கிண்ணத்தை விலக்கினால், நாள் முழுதும் உழைத்துச் சமைத்தவர் உள்ளம் வருந்தும். வாய்திறவாது பருகினாலோ விருந்தினரின் உள்ளம் வருந்தும். அழைப்பை ஏற்கும்போதே, ‘மீன் வடித்த நீரும் ஆகாது’ என விளங்கக் கூறிவிடுதலே தக்கது. அவ்வாறு கூறின், பௌத்த மடங்களில் சமைப்பது போலக் கடற்பாசியும் உலர்ந்த காளானும் இட்டே சாறு வைத்துவிடுவர். அதுவும் சுவையிற் குறைந்ததன்று.

கிண்ணத்தில் ஒரு பருக்கையும் எஞ்சாமல் உண்டபின், ‘கோச்சிசோ சாமா’ என்று நன்றி கூறுவர். விருந்துக்கு வேண்டியவற்றைத் தேடிக் குதிரையேறி அங்குமிங்கும் ஓடுதல் என்பது இச்சொல்லின் உள்ளே அடங்கியுள்ள பழம்பொருள். அதனைக் கேட்டதும் சமைத்தவர் தலை தாழ்த்தி, ‘எளிய உணவே’ என்று கூறிக் கிண்ணங்களை எடுக்கத் தொடங்குவார்.